தாசில்தாரின் அடையாளங்கள்

புன்னம்பேடு,
பள்ளிப்பட்டு வழி, சித்தூர் ஜில்லா.
11-10-1959

அன்புள்ள தாட்சாயணிக்கு,

நீ சௌக்கியமா என்று கேட்டு எட்டு மாதமாகிறது. குற்றம் என்னுடையதுதான். திட்டி எழுது, வாங்கிக்கொள்கிறேன்.

நம் விடுதி மல்லிகா வந்திருந்தாள். பள்ளிக்கூடத்தில் டிராயிங் சொல்லிக் கொடுப்பதோடு, நீ ஊரார் வீட்டு நாயையும் மாட்டையும் வரைந்து தருகிறாயாம். மல்லிகா வீட்டில் செத்துப்போன பசுவை, கல்யாணப் போட்டோவின் ஓரத்தில் தெரிந்த ஒரு கொம்பையும் அவள் மாமியார் சொன்ன கதைகளையும் வைத்தே வரைந்துவிட்டாயாமே. மாமியார் அந்தப் படத்துக்கு முன்னால் கழுநீர் கொண்டுபோய் வைத்தாளாம்.

எனக்கும் ஒரு படம் வேண்டும். எங்கள் வீட்டு ஆட்டுக்கிடா. பெயர் தாசில்தார். சிரிக்காதே. காலையில் ஒரு வாசல் விடாமல் போய் நிற்பான், எதையாவது வாங்காமல் நகரமாட்டான். ஊரே வைத்த பெயர்.

இவன் இன்னும் சாகவில்லை. எல்லைப் போராட்டத்தில் என் வீட்டுக்காரர் ஆறு வாரம் சிறையில் இருந்தது உனக்குத் தெரியும். வெளியே வந்த அன்றே, ஊர் கூடி நிற்கும்போது பொன்னியம்மனுக்கு நேர்ந்துகொண்டார். "நம்ம ஊரு மெட்ராஸோட சேர்ந்துச்சுன்னா, இனிமே என் பட்டியிலே பொறக்கற மொதல் கிடா உனுக்கு." அப்படிப் பிறந்தவன் இவன். தாய் ஆடு அன்றைக்கே போய்விட்டது. பேனாவுக்கு மை ஊற்றுகிற பில்லரில் பால் புகட்டினேன். அதில் பழைய மை ஒட்டியிருந்தது போலிருக்கிறது, ஒரு வாரம் அவன் நாக்கு நீலமாக இருந்தது.

தெரிந்தேதான் வளர்த்தேன். பிள்ளை இல்லாத வீடு, வேறென்ன சொல்ல.

எங்கள் ஊர் மெட்ராஸ் பக்கம் போகிறது என்று பேப்பரில் வந்துவிட்டது. வெடி வெடித்தார்கள். ஊர் மொத்தமும் கேட்ட வரத்துக்கு எதிராக ஒருத்தி மட்டும் சாமியிடம் கேட்கலாமா? நான் கேட்டேன்.

போட்டோ வைத்திருக்கிறேன். இருப்பது இது ஒன்றுதான்.

உன்
மனோரமா


வடக்கு மாட வீதி, திருப்பதி.
20-10-1959

அன்பு மனோ,

திட்டு பிறகு. போட்டோவில் உன் வீட்டுக்காரர் மாலையும் கழுத்துமாக நிற்கிறார். தாசில்தார் அந்த மாலையைத் தின்றுகொண்டிருக்கிறார். பின்பாதி முழுக்க வேட்டிக்குப் பின்னால் மறைந்திருக்கிறது. இந்த ஜீவன்களை யாரும் தனியாக நிறுத்திப் படம் எடுப்பதில்லை. மனிதர்களின் ஓரத்தில் ஒரு வாலாகவோ கொம்பாகவோ இருக்கும். மீதியை நான் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆகவே எழுது. எந்தப் பக்கம் சாய்ந்து படுப்பான்? கோபம் வந்தால் முதலில் என்ன செய்வான்? நீ தொட்டால் மட்டும் தெரிகிற அடையாளம் ஏதாவது உண்டா? கூப்பிட்டால் எந்தக் காது முதலில் திரும்பும்?

உயிரோடு இருப்பதை நான் வரைந்ததில்லை. செத்ததை வரைவது சுலபம். யாராலும் அதைக் கொண்டுவந்து படத்துக்குப் பக்கத்தில் நிறுத்திப் பார்க்க முடியாது.

ஒன்று சொன்னால் கோபிக்காதே. இங்கே கொல்லையில் இடம் இருக்கிறது. அவனை என்னிடம் அனுப்பிவிடேன்.

தாட்சா


புன்னம்பேடு.
8-11-1959

அன்பு தாட்சா,

அனுப்ப முடியாது. இவரிடம் ஜாடையாகக் கேட்டுப் பார்த்தேன். "சாமி சொத்தை நாம எப்பிடி மனோ குடுக்கறது?" என்றார். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் நானும் இரண்டு வார்த்தை பேசியிருப்பேன்.

உன் கேள்விகளுக்கு வருகிறேன். இடப்பக்கம் சாய்ந்து படுப்பான். என் தையல் மெஷின் மிதிபலகைதான் அவனுக்குத் தலையணை. அதில் முன்னங்காலை மடித்து மடித்து, இடது முட்டிக்குக் கீழே நாலணா அளவுக்கு மயிர் உதிர்ந்துவிட்டது. உடம்பெல்லாம் செம்பழுப்பு. வலது காதுக்குள்ளே மட்டும், பிரித்துப் பார்த்தால், ஒரு பிடி வெள்ளை மயிர். இது என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. கோபம் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு சுவரைப் பார்ப்பான், உன்னைப் போல.

எங்கள் கழனியில் வேலை செய்யும் செல்லியம்மா நேற்று அவனிடம், "இன்னா சாமி, கையெழுத்துப் போட்டாத்தான் புல்லு துன்னுவீங்களா?" என்று கும்பிட்டுக் கேட்டாள். சிரித்துச் சிரித்து, கடைசியில் நான் அழுதுவிட்டேன். அவள் புல்லை அவன் வாயில் வைத்துவிட்டுப் போனாள்.

எந்தக் காது முதலில் திரும்பும் என்பதை நான் கவனித்ததே இல்லை. கூப்பிட்டால் வந்துவிடுகிறான், காதை எங்கே பார்ப்பது? பார்த்து எழுதுகிறேன்.

மனோ


திருப்பதி.
17-1-1960

அன்பு மனோ,

படத்தைச் சணல் சுற்றி அனுப்பியிருக்கிறேன். மூன்று தாள் கிழித்து நான்காவதில் வந்தான். முட்டி, காதுக்குள் வெள்ளை, மெஷின் பலகை எல்லாம் நீ சொன்னபடி. காது விஷயம் நீ எழுதவே இல்லை. வலது காதைத் திருப்பியிருக்கிறேன். அது மட்டும் என் ஊகம்.

நாற்பத்துநாலு வயதில் ஒரு நல்ல படம் வரைந்துவிட்டேன் என்று தோன்றுகிறது. இதை உன்னிடம்தான் சொல்லிக்கொள்ள முடியும்.

தாட்சா


புன்னம்பேடு.
2-2-1960

அன்பு தாட்சா,

படத்தைச் சுவரில் சாய்த்து வைத்தேன். தாசில்தார் வந்து முகர்ந்தான், இரண்டடி பின்னால் போனான், முட்ட வந்தான். தடுத்துவிட்டேன். இதைவிட நான் என்ன பாராட்டிவிட முடியும்?

இவர் வெகுநேரம் பார்த்தார். "அப்பிடியே கீறான்" என்றார். பிறகு சாப்பிடாமல் கழனிக்குப் போய்விட்டார். அவர் கெட்டவர் இல்லை, தாட்சா. கெட்டவராக இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

ஏப்ரல் ஒன்றாம் தேதி ஊர் கைமாறுகிறது. சித்திரை முதல் ஞாயிறு அம்மனுக்குச் செய்வதாகப் பேச்சு.

மனோ


புன்னம்பேடு,
பள்ளிப்பட்டு வழி, செங்கல்பட்டு ஜில்லா.
9-4-1960

தாட்சா,

ஜில்லா மாறிவிட்டது பார். படித்ததும் இதைக் கிழித்துவிடு. எங்கள் தபால்காரர் கிருஷ்ணப்பா நல்ல மனிதர்தான், ஆனால் கடிதத்தில் உள்ளதை எனக்கு முன்னால் ஊருக்குச் சொல்லிவிடுவார். அதனால் சாமான் வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு நகரிக்கு வந்து பெட்டியில் போடுகிறேன்.

தாசில்தார் தொலையவில்லை. நான்தான் அனுப்பினேன். செவ்வாய்க்கிழமை விடியும் முன், செல்லியம்மா அவனை நகரிக்கு அப்பால் தன் அண்ணன் ஊருக்கு ஓட்டிக்கொண்டு போனாள். அது இன்னும் ஆந்திரா. இங்கே ஆடு தொலைந்துவிட்டது என்று ஊரே தேடுகிறது. நேர்ந்துவிட்டது தொலைந்துபோனால் வேறு கிடா கொடுக்கலாம் என்பது ஊர் வழக்கம். இவரும் வேறு ஒன்று வாங்கிவிட்டார். பதினேழாம் தேதி ஞாயிறு மட்டும் கழிந்தால் போதும். பிறகு ஒரு நாள், தானாகத் திரும்பி வந்தது போல வருவான்.

அவன் இல்லாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆடு போன துக்கம் என்று இவர் நினைக்கிறார். நேற்று என் பக்கத்தில் உட்கார்ந்து தட்டில் சோற்றைப் பிசைந்து கொடுத்தார். அவரை ஏமாற்றுகிறேன் என்பதுதான் வதைக்கிறது. மலைக்குப் போய் முடி கொடுத்துவிட்டு வருவதாக இன்று காலை கிளம்பியிருக்கிறார்.

இன்னும் எட்டு நாள், தாட்சா.

மனோ


திருப்பதி.
10-4-1960

அன்பு மனோ,

உன்னை நினைத்து மனசு ஆறவில்லை. நேற்று மாலை உன் வீட்டுக்காரர் மலையிலிருந்து இறங்கி நேரே இங்கே வந்தார். மொட்டைத் தலையில் சந்தனம், கையில் லட்டு. உள்ளே வராமல் வாசலிலேயே நின்று, "டீச்சரம்மா, ஆடு காணாப்பூட்ச்சு. மனோ நாலு நாளா சோறு துன்னலை" என்றார். அவர் கண் கலங்கி நான் பார்த்ததில்லை. அம்மனுக்கு வேறு கிடா வாங்கி வைத்துவிட்டாராம், பெரியவர்களும் ஒத்துக்கொண்டார்களாம். "இவன் கெடச்சா அவகிட்டயே வுட்டுடுவேன். கசாப்புக்காரன் கையிலே மாட்டறதுக்கு முன்னாடி கண்டுபுடிக்கணும்" என்றார்.

உடனே உட்கார்ந்தேன். அவர் சத்திரத்துக்குத் தூங்கப் போனார், நான் விடியும்வரை வரைந்தேன். நகரிச் சந்தைக்கு ஒன்று, புத்தூருக்கு ஒன்று, பள்ளிப்பட்டுக்கு ஒன்று. ஆடு எல்லாம் ஒரே மாதிரிதானே என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. அதனால் முட்டித் தழும்பையும், காதுக்குள் இருக்கும் வெள்ளையையும் ஓரத்தில் தனித்தனியாகப் பெரிதாகப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். பார்த்தவன் தப்பவிட மாட்டான்.

சாப்பிடு. அவன் கிடைத்துவிடுவான்.

உன்
தாட்சா


திருப்பதி.
13-4-1960

மனோ,

உன் கடிதம் இன்று காலைதான் வந்தது. தந்தி கொடுக்கலாமென்று போய், வாசகத்தை எழுதி, கிழித்தேன். கிருஷ்ணப்பா அதை உன் வாசலில் நின்று உரக்கப் படிப்பாரே.

பஸ் பிடித்து நகரிக்குப் போனேன். சந்தை வாசல் டீக்கடையில் என் படம் ஒட்டியிருந்தது. கிழித்து எடுத்தேன். கடைக்காரர், "ஆ மேகனா, அந்த ஆடா? முந்தாநாளே ஆளுங்க வந்து ஓட்டிக்கினு போயிட்டாங்களே அம்மா. எவ்ளோ நல்லா போட்டிருந்தாங்க, காதைப் பிரிச்சுப் பார்த்ததுமே தெரிஞ்சுபோச்சு" என்றார்.

உன் ஊருக்கு வரத் தைரியம் இல்லாமல் திரும்பிவிட்டேன். அவர் வாக்குக் கொடுத்திருக்கிறார், மனோ. அதை நினைவுபடுத்து. ஒரு வரி எழுது.

தாட்சா


புன்னம்பேடு.
24-4-1960

தாட்சாயணிக்கு,

நடந்ததை எழுதுகிறேன். இவர் தன் வாக்கைக் காப்பாற்றத்தான் பார்த்தார். அவனை என் கையில் கொண்டுவந்து கொடுத்தார். அவன் வந்ததும் மெஷின் அடியில் போய்ப் படுத்துக்கொண்டான். ஒரு நாள் முழுக்க என்னிடம் இருந்தான்.

ஆனால் ஊருக்குத் திருடி வேண்டியிருந்தது. ஆடு அவள் அண்ணனிடம் கிடைத்ததால், செல்லியம்மாவை ஏரிக்கரையில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். உன் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவன் முட்டியைப் பார்த்தார்கள், காதைப் பிரித்துப் பார்த்தார்கள். எல்லாம் உனக்கு மட்டும் நான் எழுதியவை. செல்லியம்மா என் பெயரைச் சொல்லவில்லை. "ஆடு தானா வந்துச்சு சாமி, நான் இன்னா பண்ணட்டும்" என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். ஒருத்தன் அவள் கூந்தலைப் பிடித்தான். நான் சொல்லிவிட்டேன்.

தொலைந்ததற்குத்தான் மாற்று, ஒளித்ததற்கு மாற்று கிடையாது என்றார் பெரியவர் அப்பாவு. இவர் என்னைப் பார்த்தார். எதைப் பேசுவார், ஊர் முன்னால் வரம் கேட்டு வாங்கியது அவர்தானே?

கோயில் வாசலில் வெட்டக் கூடாது என்று சட்டம் இருப்பதால் ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரையிலேயே வைத்துக்கொண்டார்கள். தலையில் மஞ்சள் தண்ணீர் தெளித்தார்கள். ஆடு உடம்பை உதறினால் அம்மன் உத்தரவு. உதறாவிட்டால் அன்றைக்கு வெட்டமாட்டார்கள். அவன் உதறவில்லை. மூன்று முறை தெளித்தும் அப்படியே நின்றான். கூட்டத்தில் முணுமுணுப்பு வந்தது. இவர் முகத்தில்கூட ஒரு தெளிவு வந்தது. அவன் என்னைத் தேடுவது எனக்குத் தெரிந்தது. என்னை அறியாமல், "தாசில்தார்" என்று சொல்லிவிட்டேன்.

நீ கேட்டிருந்தாயே. இடது காதுதான் முதலில் திரும்பியது. பிறகு தலை, பிறகு உடம்பு முழுக்க உதறியது.

செல்லியம்மா ஊரை விட்டுப் போய்விட்டாள். எங்கே என்று தெரியவில்லை. இவர் இப்போது கொட்டகையில் படுக்கிறார்.

உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. இருந்தால் எழுதித் தீர்த்துக்கொள்வேன். உன் கையெழுத்தைப் பார்த்தால் படிக்க முடியவில்லை, அவ்வளவுதான். படத்தைத் திருப்பி அனுப்புகிறேன்.

மனோரமா


திருப்பதி.
3-7-1960

அன்பு மனோ,

இது நான் எழுதும் நான்காவது கடிதம். முந்தைய மூன்றும் திரும்பி வரவில்லை. ஆகவே வாங்கி வைத்துக்கொள்கிறாய் என்று நினைக்கிறேன். பிரிக்க வேண்டாம். வைத்துக்கொள்.

படம் என் மேஜைமேல் இருக்கிறது. காதை மாற்றிவிடலாமென்று ரப்பரை எடுத்தேன். மாற்றவில்லை. அந்தப் படத்தில் யாருக்கும் பயன்படாமல் போனது வலது காது திரும்பியிருக்கிற விதம் ஒன்றுதான். அது அப்படியே இருக்கட்டும்.

சென்ற வாரம் நாயுடுபேட்டையிலிருந்து ஒருவர் வந்தார். செத்துப்போன நாய். போட்டோவில் பாதி முகம் தெரிந்தது. நான் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அவராகவே, அடிவயிற்றில் ஒரு கறுப்புப் புள்ளி இருக்கும், கூப்பிட்டால் முதலில் வாலின் நுனி மட்டும் ஆடும் என்று சொல்லிக்கொண்டே போனார். ஒன்றையும் நான் வரையவில்லை. நேற்று வந்து வாங்கினார். வெளிச்சத்தில் பிடித்து, திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எங்க நாய் மாதிரி இல்லையே அம்மா" என்றார்.

ஆமாம் என்றேன்.

உன்
தாட்சா