இரண்டு திரைகளில் உன் முகம்

யோசு, தென்கொரியா,
நவம்பர் முதல் வாரம், புதன்கிழமை

என் மகன் தொக்யூவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே கடல்காற்று எலும்பைத் தொட ஆரம்பித்துவிட்டது. குவைத்தில் வெயில் கொஞ்சமாவது இறங்கியதா?

முதலில் நல்ல செய்திகள். உன் மகன் கிஹூன் தீயணைப்புத் துறைப் பரீட்சையில் தேறிவிட்டான். ஓட்டத்திலும் அவனுக்குத்தான் முதலிடமாம். சந்தைக்குப் போனால் மீன்காரிகள் என்னை நிறுத்தி, "தீயணைப்புக்காரர் பாட்டி, இனிமே எங்க கடை பத்திக்கிட்டாலும் பயமில்ல" என்கிறார்கள். நானும் வாங்க ஒன்றும் இல்லாவிட்டாலும் ஒரு சுற்றுப் போய் வருகிறேன். உன் தங்கை மகள் சோரின் நீச்சல் போட்டியில் வெள்ளி வாங்கினாள். தங்கம் வாங்கினவள் இவளைவிட ஒரு முழம் உயரம், அதனால் அது கணக்கில்லை. உன் மகள் யுன்ஹா படம் வரைந்து வண்ணம் தீட்டுகிற குழந்தைகள் கதைப் புத்தகத்தை சியோலில் ஒரு பதிப்பகம் அச்சடிக்கப் போகிறது. அட்டையில் அவள் பெயர் வரும். ஐந்தாம் வகுப்போடு நின்றவளின் பேத்தி பெயர் புத்தக அட்டையில்!

அதில்தான் ஒரு தொல்லை. குளிர்காலத்துக்குக் காரக் கிம்ச்சி ஊறப்போடும் ஒரு வீட்டைப் பற்றிய புத்தகம் அது. மாதிரிக்குச் சில பக்கம் அச்சாகி வந்தன. அவளுடைய பழைய கம்ப்யூட்டர் திரையில் நல்ல சிவப்பாகத் தெரிந்ததெல்லாம் தாளில் ஆரஞ்சாக வந்திருக்கிறது. உன் மனைவி எட்டிப் பார்த்து, "ஏண்டி, இது கிம்ச்சியா பூசணிக் கஞ்சியா? என் கடையில இதை வெச்சா ஒருத்தி வாங்குவாளா?" என்றாள். பதிப்பகத்து அம்மாவும் அதையேதான் சொன்னாராம், கொஞ்சம் மரியாதையாக. மாதக் கடைசிக்குள் திருத்தித் தராவிட்டால் வேலை வேறு ஆளுக்குப் போய்விடும்.

அதனால் யுன்ஹா கம்ப்யூட்டர் கடையிலிருந்து இரண்டு திரைகள் கொண்டுவந்தாள். ஒன்று இதையே தொழிலாகச் செய்கிறவர்கள் வைத்துக்கொள்வது. மற்றது விலை குறைந்தது, வீட்டில் நாடகம் பார்க்கிறவர்களுக்கு. பார்த்துவிட்டு சனிக்கிழமைக்குள் வேண்டாததைத் திருப்பித் தரவேண்டும். இரண்டும் சாப்பாட்டு மேசையில் ஏறிக்கொண்டன. "பொண்ணு பாக்க வந்த மாப்பிள்ளைங்க மாதிரி உக்காந்திருக்குதுங்க, நாம தரையில சாப்பிடுறோம்" என்று உன் மனைவி முணுமுணுத்தாள்.

பார்வைக்கு விலை குறைந்ததுதான் அழகு. எதைப் போட்டாலும் பளபளவென்று இருக்கும். மற்றது மழைநாள் போல அடங்கிக் கிடந்தது. "இதுக்கா இவ்வளவு விலை? நல்லா துடைச்சுப் பாருடி" என்றேன். யுன்ஹா சிரித்து, "துடைச்சாச்சு பாட்டி. இது உள்ளதைத்தான் காட்டும்" என்றாள்.

நம் ஜாடியிலிருந்து கடுகுக்கீரைக் கிம்ச்சியை ஒரு தட்டில் எடுத்து ஜன்னலோரம் வைத்து, படம் பிடித்து, இரண்டு திரையிலும் போட்டாள். எது சரி என்று என்னைக் கேட்டாள். சந்தேகமே இல்லை. விலை கூடினதில் கீரைத் தண்டின் ஊதா நரம்புவரை தட்டில் இருந்தபடியே இருந்தது. சரி, அதுதான் என்று அப்போதே முடிவாகிவிட்டது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். "மனுஷ முகம் எப்படி வருதுன்னும் பாத்துடுவோம்" என்று, அறுவடைத் திருநாளுக்கு நீ அனுப்பிய படத்தைத் திறந்தாள். கேம்ப் சாப்பாட்டுக் கூடத்தில் அரிசிக் கொழுக்கட்டைத் தட்டோடு நிற்கிறாயே, அது. விலை குறைந்த திரையில் கல்யாண வீட்டில் இரண்டு கிண்ணம் குடித்தவன் மாதிரி செக்கச்செவேலென்று இருந்தாய். மற்றதில் உன் முகம் மஞ்சளாக இருந்தது, தொக்யூ. கண்ணின் வெள்ளையும்.

யுன்ஹா உடனே, "அங்க லைட்டு மஞ்சள் பாட்டி" என்றாள். ஆமாம் ஆமாம் என்றேன். ஆனால் உன் கையிலிருந்த கொழுக்கட்டை வெள்ளையாகத்தான் இருந்தது. அவளும் அதைப் பார்த்தாள். திரையை அணைத்துவிட்டாள்.

அந்த நிறத்தை நான் இந்த வீட்டில் முன்பே பார்த்திருக்கிறேன். உன் அப்பாவின் கடைசிக் குளிர்காலம் உனக்கும் நினைவிருக்கும்.

அன்றிலிருந்து எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. முட்டைக்கோசுக்கு உப்புப் போட்டேனா இல்லையா என்று திரும்பத் திரும்ப வாயில் வைத்துப் பார்க்கிறேன். உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது. இந்தக் கடிதத்தையும் அப்படித்தான் எழுதுகிறேன். நடுநடுவே எழுத்துக் கோணினால் பொறுத்துக்கொள்.

மறுநாள் காலை யுன்ஹா, விலை குறைந்ததே போதும், பழகிக்கொள்கிறேன் என்று சொல்லி மற்றதை டப்பாவில் போட்டு ஒட்டிவிட்டாள். பணம் மிச்சம் என்று அவள் அம்மாவுக்குச் சந்தோஷம். உன் மனைவிக்கு இது ஒன்றும் தெரியாது, நீயும் சொல்லாதே. நானும் முதலில் தலையாட்டினேன். அந்தப் பெட்டி வாசலைத் தாண்டினால் போதும் என்றிருந்தது. ஆனால் அது போனால் உன் நிறம் மாறிவிடுமா? பெண்ணின் புத்தகம்தான் கையை விட்டுப் போகும்.

அதனால் இன்று காலை நானே டப்பாவைக் கிழித்து அதை மேசையில் வைத்தேன். "உங்கப்பா நிறத்தை நான் கேட்டுக்கறேன், நீ கிம்ச்சி நிறத்தைப் பாருடி" என்றேன். அவள் இன்னும் அதன் முன்னால் உட்காரவில்லை. கடைக்காரரிடம் போய் இன்னும் சில நாள் கேட்டேன். "பாட்டி, இது என்ன கல்யாண வீட்டு வாடகைப் பாயா?" என்று சலித்துக்கொண்டுதான் சரி என்றார்.

போனில் கேட்டால் "நல்லாத்தான் இருக்கேம்மா" என்பாய். போன வாரமும் அதையே சொன்னாய், சோறு இறங்கவில்லை என்பதையும் அதே மூச்சில் சொன்னாய். முதலில் அங்கே டாக்டரிடம் போய் உட்கார். சட்டையைக் கழற்றச் சொன்னால் கழற்று, வெட்கப்படாதே. கம்பெனி வேலை நீ இல்லாமல் ஒரு நாள் நடக்கும்.

நீ நல்லபடியாக இருக்கவேண்டும். நான் இருக்கும்வரை மட்டும் இல்லை, எனக்குப் பின்னாலும் நெடுநாள் இருக்கவேண்டும்.

ஒரு புதுப் படம் எடு. பகலில், வெளியே, தொப்பி இல்லாமல். நிறத்தை ஒப்பிட்டுப் பார்க்க, பக்கத்தில் உன்னோடு வேலை செய்கிற ஒருவரை நிறுத்திக்கொள். மஞ்சளாக இருந்தால் மஞ்சளாகவே இருக்கட்டும், ஸ்டூடியோக்காரனை எதையும் சரிசெய்ய விடாதே. போனில் அனுப்பவேண்டாம், திரைக்குத் திரை நிறம் மாறுகிறது. தாளில் அச்சடித்து, என் பெயருக்கே, விரைவுத் தபாலில் போடு.

உன் அம்மா