பொருத்தனைக்குப் போன கியர் சைக்கிள்

13.9.2014, சனி

காலையில் வெயில், மத்தியானத்துக்கு மேல் சாரல். காலேஜ் ஆபீசுக்கு லீவு. சைக்கிள் செயினை மண்ணெண்ணெய் விட்டுக் கழுவினேன். அஞ்சாவது கியரில் டக்டக் சத்தம் இன்னும் போகவில்லை. பினுவிடம் காட்ட வேண்டும்.

பினு போன். நாளைக்கு எந்த ரூட் என்று வழக்கமான சண்டை. குலசேகரத்தில் ரப்பர் ஷீட் வியாபாரம் செய்கிறவன், எனக்கு இந்தக் கியர் சைக்கிள் கிறுக்கைப் பிடிக்கவைத்தவன். நல்ல பையன், ரசனைதான் கொஞ்சம் மட்டம். முட்டம் செம்மண் மேட்டை விட்டால் உலகத்தில் வேறு இடமே இல்லை என்பான். டயர் புதைந்து புதைந்து எழும்ப அதில் என்ன சுகமோ.

என்னுடைய வரிசை:

தோவாளைச் சானல்கரை. சமதளம், தொந்தரவு இல்லை. பூமூட்டை ஏற்றி வரும் மொபெட்டுக்கு மட்டும் ஒதுங்கினால் போதும். பிச்சி வாசம் இலவசம்.

ஆரல்வாய்மொழி காற்றாடிப் பக்கம். போகும்போது காற்று தள்ளும். திரும்பும்போது ஊரே சேர்ந்து கேரியரைப் பிடித்து இழுக்கிற மாதிரி. என் வண்டிக்குக் கேரியரே கிடையாது.

எல்லாவற்றுக்கும் மேலே, பினுவின் மாமா ரப்பர் தோட்டத்து இறக்கம். பால்வெட்டுக்காரர்கள் நடந்து நடந்து விழுந்த ஒற்றையடிப் பாதை. இரண்டு பக்கமும் மரம், மரத்துக்கு மரம் பால் வடியும் சிரட்டை. பால் எடுத்து முடிந்த பிறகுதான் இறங்கலாம் என்பது மாமா போட்ட சட்டம். ஹேண்டில் தட்டி ஒரு சிரட்டை கவிழ்ந்தாலும் அனுமதி ரத்து.

ராத்திரி மழை பெய்தால் காலையில் வெட்டு இருக்காது, விடிந்ததும் இறங்கலாம், ஆராதனைக்கும் வந்துவிடலாம். வீட்டுக்காரி ஜெபாவிடம் சொன்னேன்.

"ஞாயித்துக்கெழமையும் காட்டுக்கா? வந்துருவிய. வந்து கோயில் பெஞ்சில இருந்து தூங்குவிய."

போன வாரம் தூங்கியது உண்மை. மழை பெய்ய வேண்டும் என்று ஜெபம் பண்ணிவிட்டுப் படுக்கிறேன்.

17.9.2014, புதன்

மழை பெய்தது.

நாகர்கோவில், ஆஸ்பத்திரி. ஜன்னலுக்கு வெளியே நல்ல வெயில். இடது தோளில் காறை எலும்பு ஒடிவு. கை தூளியில். தலையில் ஹெல்மெட் இருந்ததால் தலை இருக்கிறது. டாக்டர் சொன்னது அப்படியே.

விழுந்தது இப்படி. ரப்பர் காய் வெடிக்கிற மாதம். கொட்டையெல்லாம் பாதையில், அதன்மேல் சருகு, சருகின்மேல் மழை. பாதி இறக்கத்தில் முன்டயர் கொட்டைமேல் ஏறியது. கோலிக்குண்டு மேல் கால் வைத்தது போல. பிறகு ஞாபகம் இல்லை. கண் திறந்தபோது பினு என் முகத்துக்கு மேலே அழுதுகொண்டிருந்தான். இந்த மாவட்டத்தில் பிறந்து வளர்ந்தவன், ஆவணி புரட்டாசியில் ரப்பர் தோட்டத்தில் சைக்கிள் விட்டேன் என்று வெளியே சொல்லக்கூடாது.

பினு செய்த பெரிய தப்பு, நான் கண் திறப்பதற்கு முன்னால் ஜெபாவுக்குப் போன் அடித்தது. "மைனி... அண்ணன் விழுந்து... அசைவில்ல, அனக்கமில்ல மைனி..." அதோடு டவர் போய்விட்டது. ஆஸ்பத்திரிக்கு வந்துசேரும்வரை ஆட்டோவில் அவள் என்ன பாடு பட்டிருப்பாள்.

கேட்டேன். ஆரஞ்சு உரித்துத் தந்தாள். ஒவ்வொரு சுளைக்கும் கொட்டை எடுத்து.

21.9.2014, ஞாயிறு

வீடு. மேகமூட்டம். ஆராதனை முடிந்து சபையார் எட்டுப் பேர் வந்து ஜெபித்துவிட்டுப் போனார்கள். இரண்டு சீப்பு மட்டிப்பழம், ஒரு ஹார்லிக்ஸ்.

ஜெபா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். குரலே சரியில்லை.

"ஒரு காரியம் சொன்னா ஏசக்கூடாது. ஆட்டோல வரும்போ ஒரு பொருத்தனை பண்ணிட்டேன்."

"சரி. என்ன?"

"உங்க உயிர தந்தா அந்த வண்டிய அறுப்பின் பண்டிகைக்குக் குடுத்துருவேன்ணு."

வாயில் முட்டாள்தனமாகத்தான் வந்தது. "எனக்க வண்டிய நீ எப்படிப் பொருத்தனை பண்ணலாம்?"

"உங்க உயிருக்குத்தான பண்ணினேன்."

"ஆண்டவர் சைக்கிளா ஓட்டப்போறாரு?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. செத்துப்போனியண்ணு நெனச்சேன். கையில குடுக்கதுக்கு வேற என்ன இருந்து? குடுத்தா பெரிசா குடுக்கணும். உங்களுக்குப் பிரியமானது அதுதான்."

அழுதுவிட்டாள். கொடுத்ததைத் திரும்பக் கேட்டு வாயைத் திறக்கமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். விளைச்சலைக் கோயிலுக்குப் படைக்கிற அந்தப் பண்டிகை நவம்பரில். படைக்கிற பொருளையெல்லாம் கோயில் முற்றத்தில் ஏலம் விடுவார்கள். யாராவது எடுத்துக்கொண்டு போவார்கள். அவ்வளவுதான் என் வண்டி.

28.9.2014, ஞாயிறு

தூறல். வலது கையால் மட்டும் சட்டைப் பித்தான் போடப் பழகிவிட்டேன்.

வண்டி பின்பக்கச் சாய்ப்பில் நிற்கிறது. ஹேண்டில் லேசாகக் கோணல். காலையில் போய்ப் பார்த்தேன். சாயங்காலமும். ஜெபா பார்க்காத மாதிரி இருந்தாள்.

எனக்கே வெட்கமாக இருக்கிறது, நாற்பது கடந்தவன் ஒரு சைக்கிளுக்கு இப்படி ஏங்குவது. ஆனால் அந்த இறக்கத்தில் எனக்கு சுகர் கிடையாது. ஆபீஸ் சூப்பரின்டெண்ட் கிடையாது. அடுத்த வேர், அடுத்த வளைவு, பிரேக்கில் இரண்டு விரல், அவ்வளவுதான் உலகம். கீழே ஓடைக்கரையில் வந்து நிற்கும்போது யாரோ என்னைக் கழுவித் துடைத்துத் தந்த மாதிரி இருக்கும். இதை யாரிடம் சொல்ல? ஜெபாவிடம் ஒருநாளும் சொன்னதில்லை. சொன்னால் சிரிப்பாள் என்று நினைத்தேன்.

19.10.2014, ஞாயிறு

ஐப்பசி பிறந்து துலாம் மழை தொடங்கிவிட்டது. தூளி கழற்றியாச்சு. கை தலைக்கு மேல் போகிறது, வலியோடு.

சமையலறையில் அலமாரி போட ஆசாரி வந்து அளவெடுத்தார். ஜெபா ரொம்ப நாளாகச் சேர்த்துவைத்துச் செய்கிற காரியம். கதவுக்கு என்ன நிறம் என்று என்னிடமும் கேட்டாள். வெள்ளை என்றேன். "வெள்ளைன்னா மஞ்சள்பொடி பிடிக்கும்" என்றாள். பிறகு ஏன் கேட்டாள்?

ஆசாரி போனதும் பினு வந்தான். ஹேண்டிலை நிமிர்த்தினான், கியர் சத்தத்தையும் சரியாக்கினான். ஆண்டவருக்குக் கொடுக்கிறது கோணலாக இருக்கக்கூடாதாம். பிறகு குரலைத் தாழ்த்தி:

"அண்ணா, ஏலத்தில ஞான் எடுப்பேன். எடுத்து எனக்க வீட்டில வைப்பேன். அண்ணன் அங்க வந்து ஓட்டணும். மைனிக்குத் தெரியாண்டாம்."

"ஏலத்தில நான் வாயத் தொறக்கமாட்டேண்ணு அவளுக்கு வாக்கு குடுத்திருக்கேன் மக்கா. குடுத்தத திரும்பக் கேட்டா பொருத்தனைக்கு என்ன மதிப்புண்ணு சொல்லுகா."

"அண்ணன் கேக்காண்டாம். ஞான் கேக்கேன். எனக்கு என்ன பொருத்தனை?"

இது சரியா தப்பா தெரியவில்லை. மனசு மட்டும் லேசாகிவிட்டது.

2.11.2014, ஞாயிறு

மழை. ஜெபாவின் தம்பி எட்வின் மத்தியானம் சாப்பிட வந்தான். மீன்குழம்பை ஊற்றிக்கொண்டே கேட்கிறான்:

"அத்தான், உங்க சைக்கிளு இப்ப புதுசு வாங்கினா என்ன வெல வரும்?"

உடம்பெல்லாம் எரிந்தது. அவன் மகன் பிளஸ் டூ. அவனுக்கு வாங்கிக்கொடுக்கத் திட்டம். பையன் அதை டியூஷனுக்கு ஓட்டுவான், முன்னால் கூடை மாட்டுவான். தெரியாது என்று சொல்லிவிட்டுக் கை கழுவ எழுந்தேன். அக்காவும் தம்பியும் சமையலறையில் குசுகுசு. நான் போனதும் நிறுத்தினார்கள்.

சொந்தபந்தம் இவ்வளவுதான். விழுந்தவன் எழும்புவதற்குள் செருப்புக்கு ஆள் நிற்கிறது.

8.11.2014, சனி

மழை வெறிச்சிருக்கிறது. கடைசியாக ஒருமுறை வண்டியைக் கழுவினேன். சக்கரத்தை ஆரம் ஆரமாகத் துடைத்தேன். டயரின் பல்லுக்கிடையே ஒரு ரப்பர் கொட்டைத்தோடு. அதைக் குச்சியால் எடுத்தேன்.

எட்வின் தோவாளையிலிருந்து பிச்சி கொண்டுவந்தான். ஜெபா ஹேண்டிலில் சுற்றினாள். கல்யாண வீட்டுக் கார் போல இருந்தது. "நல்லா இருக்குல்லா?" என்றாள். நல்லா இருந்தது.

9.11.2014, ஞாயிறு

அறுப்பின் பண்டிகை. விட்டுவிட்டு மழை. பந்தல் ஒழுகியது.

இன்று நடந்ததை வரிசையாக எழுதிவைக்க வேண்டும்.

ஏலம் சொன்னது சபைச் செயலாளர். முதலில் மட்டிப்பழக் குலை. கடைவிலையைப் போல நாலு மடங்குக்குப் போனது. படைத்த பொருளுக்கு விலை பார்க்கிறவன் கஞ்சன் என்பது ஊர் வழக்கம். பிறகு மரச்சீனிக் கிழங்கு, தேங்காய், கால் கட்டிய ஒரு சேவல். சேவல் செயலாளரின் வாட்சைக் கொத்தியது. பிறகு என் வண்டி.

"நம்ம செல்வன் சாருக்கு ஆண்டவர் செய்த நன்மைக்கு, ஒரு கியர் சைக்கிள்! யாரு கேக்கிய?"

பந்தல்கால் பக்கத்திலிருந்து பினு கேட்டான். ஆண்கள் வரிசையிலிருந்து எட்வின் கேட்டான். பினு ஏற்றினான். எட்வின் ஏற்றினான். மற்ற ஒன்றிரண்டு பேர் சீக்கிரமே கழன்றுகொண்டார்கள். விலை ஏற ஏற ஜனத்துக்கு உற்சாகம். "விடாதே எட்வினே!" போதகர் முகத்தில் கோயில் கூரையே மாற்றிப் போட்ட சந்தோஷம். எனக்கு எட்வினைப் பார்க்கப் பார்க்க ஆத்திரம்.

அப்போதுதான் கவனித்தேன். ஒவ்வொரு முறை கேட்பதற்கு முன்னாலும் எட்வின் பெண்கள் பக்கம் திரும்புகிறான். அங்கே ஜெபா சேலை முக்காட்டைச் சரிசெய்கிறாள். அவள் சரிசெய்ததும் இவன் கேட்கிறான்.

மகனுக்கு இல்லை. அவளுக்காகக் கேட்கிறான். அவள் எனக்காகக் கேட்கச் சொல்லியிருக்கிறாள். பினுவும் எனக்காகத்தான் கேட்கிறான். ஒரே மனுஷனுக்காக இரண்டு பேரும் மாறிமாறி விலையை ஏற்றுகிறார்கள், நடுவில் நான் வாய்திறக்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

பினுவைப் பார்த்துக் கையை மெல்லத் தாழ்த்திக் காட்டினேன். விடு, போதும். அவன் தலையாட்டினான். நெஞ்சில் கைவைத்துக் காட்டினான். உடனே இன்னும் பெரிதாக ஏற்றினான். விடாதே என்று நான் சொன்னதாக எடுத்துக்கொண்டான், பாவி.

புதிதாக ஒன்றுக்கு மேலேயே வாங்கலாம், அந்த விலை. எட்வின் பெண்கள் பக்கம் பார்த்தான். அவனுக்குத் தைரியம் போய்விட்டது. "ஒரு தரம்..." என்றார் செயலாளர்.

ஜெபா எழுந்து நின்றாள். பதினெட்டு வருஷமாக அந்தக் கோயிலில் பாட்டைத் தவிர வேறு எதற்கும் அவள் குரல் கேட்டதில்லை. தொகையைச் சொன்னாள். பந்தலில் மழை ஒழுகும் சத்தம் கேட்டது.

பினு அவளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். வாயைப் பிளந்தான். பிறகு மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தான்.

"ரெண்டு தரம், மூணு தரம். செல்வன் சார் வீட்டம்மாவுக்கு!"

கைதட்டல். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. பக்கத்தில் இருந்தவர் பந்தல் ஒழுகுவதாக நினைத்துக் கைக்குட்டை தந்தார்.

சாயங்காலம். வண்டி பிச்சியோடு சாய்ப்பில் நிற்கிறது. கேட்டேன், எந்த ரூபாய் என்று. அலமாரி ரூபாய். ஆசாரிக்குப் போன் பண்ணி வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

"குடுக்கேண்ணு சொன்னத குடுத்தாச்சு. அதுல ஒரு குறையும் வைக்கல. இப்ப வாங்கினது வேற காரியம். அந்த பினு எதுக்கு அப்பிடி ஏத்தினான்? எனக்க வயித்துல தீயக் கொட்டிட்டான்."

சொன்னேன். முதலில் ஏசினாள். பிறகு சிரிக்கத் தொடங்கினாள், நிறுத்த முடியவில்லை. கட்டிலைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"ஒரு வார்த்தை எங்கிட்ட சொல்லியிருக்கப்பிடாதா?"

"உங்களுக்கு முன்னாடியே தெரிஞ்சா குடுக்கும்போ மனசு வலிக்காது. வலிக்காம குடுத்தா அது பொருத்தனையா?" பிறகு, "ஒண்ணு கேட்டுக்கிடுங்க. இது இப்ப எனக்க வண்டி. கேட்டுட்டுதான் எடுக்கணும்."

பினு போன். அலமாரியில் பாதி தன் செலவு என்கிறான். ஜெபா போனைப் பிடுங்கி நன்றாகக் கொடுத்தாள்.

14.11.2014, வெள்ளி

டாக்டர்: இனி ஓட்டலாம், விழக்கூடாது. வந்து ஜெபாவிடம் கேட்டேன். சின்னப் பிள்ளை மாதிரி நின்று. சோறு பரிமாறிவிட்டு, "நாளைக்கு நானும் வருவேன். நீங்க விழுந்த எடத்த எனக்குப் பாக்கணும்."

15.11.2014, சனி

நல்ல வெயில். காலையில் பால் எடுத்து முடிந்தபிறகு பினுவின் பிக்கப்பில் தோட்டத்துக்கு. ஜெபா சுடிதாரில். பாதி இறக்கத்தில் அந்த மரத்தைக் காட்டினேன். "இஞ்சயா?" "ஆமா." மரத்தைத் தொட்டுப் பார்த்தாள். இந்த இறக்கம் எனக்கு என்ன என்பதை அங்கே வைத்துத்தான் அவளிடம் சொன்னேன். கழுவித் துடைத்துத் தந்த மாதிரி என்பதையும். சிரிக்கவில்லை.

"சரி. மேல ஏறுங்க. நான் கீழ நிக்கேன். நீங்க வாறத எனக்குப் பாக்கணும். பைய வரணும். எனக்க வண்டி."

தள்ளிக்கொண்டு மேலே ஏறினேன். ஹெல்மெட் வாரை இரண்டு முறை இழுத்துப் பார்த்தேன். பினு கீழே விரலைக் காட்டினான்.

அவள் ஓடைக்கரையில் நிற்கவில்லை. குனிந்து குனிந்து பாதையில் ஏறி வந்துகொண்டிருந்தாள். சருகைக் காலால் விலக்கி, மிச்சமிருந்த ரப்பர் கொட்டைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஷாலில் போட்டுக்கொண்டு.

பொறுக்கி முடிக்கும்வரை பிரேக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.