வேறு தெருவில் விட்ட நாய்

மார்ச் 4, செவ்வாய்

நேற்றுக் காலை எங்கள் தெரு நாயை மாவு மில் சந்தில் இறக்கிவிட்டார்கள். மாவு மில் சந்து நாயை எங்கள் தெருவில் இறக்கிவிட்டார்கள். இது தவறு. செய்தவர் குழுவின் வண்டியை ஓட்டும் வண்டிக்காரம்மா. முதலில் இதை எழுதிவிடுகிறேன். நாளைக்கு எல்லோரும் சேர்ந்து பேசிக் குழப்பிவிடுவார்கள்.

எங்கள் விலங்கு உரிமைக் குழுவில் ஏழு பேர். தெரு நாய்களைப் பிடித்து, கால்நடை ஆஸ்பத்திரியில் கருத்தடை செய்து, ஊசி போட்டு, காதில் சின்னதாக ஒரு வெட்டு வெட்டி, நாலு நாள் கழித்துப் பிடித்த இடத்திலேயே விடுவோம். பிடித்த இடத்திலேயே. பக்கத்துத் தெருவில் விட்டால்கூட அந்தத் தெரு நாய்கள் சேர்ந்து குதறிவிடும். தன் தெருவில் இருப்பது அந்த நாயின் உரிமை. சட்டப் புத்தகத்தை அகராதி வைத்துக்கொண்டு நானே படித்துத் தெரிந்துகொண்டது இது. குழுவில் வேறு யாரும் அதை முழுதாகப் படித்ததில்லை. கேட்டால் சிரிப்பார்கள்.

எங்கள் நாயின் பெயர் முறைப்பு. பழுப்பு நிறம், பெண். யார் போனாலும் கடன் கொடுத்தவள் மாதிரி பார்க்கும். ஐந்து வருடமாக எங்கள் வீட்டுக்கு எதிரே பள்ளிக்கூடச் சுவர் ஓரம் அதன் இடம். போன வியாழக்கிழமை நான்தான் கூட நின்று பிடித்துக் கொடுத்தேன். விடுகிற அன்றைக்கு நான் இல்லை. மகள் கண் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போய்விட்டாள். நான் இருந்திருந்தால் இது நடந்திருக்காது.

கூண்டுகளில் கட்டிய முகவரிச் சீட்டு என் கையெழுத்து. முப்பத்தொரு வருடம் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் கணக்கெடுத்தவன் நான். ஒரு கதவு எண் தப்பியதில்லை.

மதியம் மாவு மில் சந்துக்குப் போனேன். மூட்டை தூக்குகிறவர் சொன்னார்: "பழுப்பு நாயா? நாலஞ்சு சேந்து தொரத்துச்சு சார். ரயில் கேட் பக்கம் ஓடிருச்சு. வயித்துல கட்டு வேற இருந்துச்சே, பாவம்."

தையல் ஆற இன்னும் ஒரு வாரம் வேண்டும். ரயில் கேட் வரைக்கும் நடந்து பார்த்தேன். இல்லை.

மார்ச் 5, புதன்

ஜெராக்ஸ் கடைக்குப் பின்னால் இருக்கும் அறையில் கூட்டம். குழுவின் அலுவலகம் அதுதான். வலை, கூண்டு, மருந்துப் பெட்டி எல்லாம் அங்கே பூட்டி வைத்திருக்கும். மூன்று பக்கப் புகார் எழுதிக்கொண்டு போனேன். செயலாளர் பள்ளி ஆசிரியர், சுருக்கமாகச் சொல்லச் சொன்னார். மூன்று பக்கமும் வாசித்தேன்.

வண்டிக்காரம்மா கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். அப்புறம் கேட்டார்: "பெரியவரே, நாய் மேல தெரு பேரா எழுதியிருக்கு? சீட்டுல என்ன இருந்துச்சோ அந்தத் தெருவுல விட்டேன்."

"சீட்டை ஆஸ்பத்திரியில மாத்திட்டீங்க."

"நான் கூண்டத் தொறக்கவே இல்லயே. டாக்டர கேளுங்க."

டாக்டரைப் போனில் கேட்டார்கள். கூண்டில் இருந்த சீட்டை அவரேதான் பதிவில் ஏற்றினாராம், கூண்டும் நாயும் மாறவே இல்லையாம். எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். தவறு நடந்திருக்கிறது, யாரோ ஒருவர் செய்யாமல் தானாக நடக்குமா? பொறுப்பு ஏற்காதவர் வண்டியைத் தொடக் கூடாது என்றேன். செயலாளர் கூரையைப் பார்த்தார். வண்டிக்காரம்மா சாவிக்கொத்தை மேசையில் வைத்தார். வண்டிச் சாவி, அறைச் சாவி, இரண்டும்.

"ஏழு வருஷமா கடி வாங்கியிருக்கேன். நாய்கிட்ட" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

யாரும் என்னோடு பேசவில்லை. சரியாக நடந்துகொண்டவனுக்குக் கிடைக்கிற மரியாதை இவ்வளவுதான். தெரியும்.

மார்ச் 6, வியாழன்

காலை தேடினேன். மாலை தேடினேன். இல்லை.

மார்ச் 7, வெள்ளி

எங்கள் தெருவில் விட்ட மாவு மில் நாய் நாலு நாளாகப் பழைய காருக்கு அடியிலேயே கிடக்கிறது. எங்கள் தெரு நாய்கள் இரண்டும் கிழடு, கடிப்பதில்லை, குரைப்பதோடு சரி. ரொட்டி வைத்தால் கை போன பிறகுதான் மூக்கை நீட்டுகிறது. அதன் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. ஆனால் அதைப் பார்க்கும்போதெல்லாம் எரிச்சல் வருகிறது. இது இங்கே இருக்கிறது, அது எங்கே?

இதையாவது அதன் இடத்தில் கொண்டுபோய் விடலாம் என்று செயலாளரை வலையோடு வரச் சொன்னேன். வந்தார். வலையை வீசினார். வலை காரின் கண்ணாடியில் மாட்டியது, அவருடைய மூக்குக் கண்ணாடி வலையில் மாட்டியது, நாய் மறுபக்கமாகத் தெருக்கோடி வரை ஓடிவிட்டது. நான் வீசியிருப்பேன், முழங்கால் மடங்கவில்லை.

"ஐயா, அந்தம்மா இல்லாம இது நடக்காது. போன் பண்ணட்டுமா?" என்றார்.

"பொறுப்பு ஏத்துக்கிட்டா பண்ணுங்க."

"அவங்க என்னத்த ஏத்துக்குவாங்க?"

"செஞ்சத."

அவர் வலையைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினார். அடுத்த வாரம் பிடிக்க வேண்டிய பதினொரு நாய்களுக்கு மருத்துவமனையில் வாங்கி வைத்திருந்த நாளையும் ரத்து செய்துவிட்டாராம். போகும்போது சொல்லிவிட்டுப் போகிறார், நான் ரத்து செய்தது மாதிரி.

மகள் மாடியிலிருந்து எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள். சாப்பிடும்போது கேட்டாள்: "அப்பா, உங்களுக்கு நாய் கிடைக்கணுமா, ஜெயிக்கணுமா?"

இரண்டும் என்றேன். தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

உட்கார முடியவில்லை. படிக்க எடுத்த பக்கத்தையே திரும்பத் திரும்பப் படிக்கிறேன். எழுந்து ஜன்னலுக்குப் போகிறேன், வாசலுக்குப் போகிறேன், எதற்குப் போனேன் என்று தெரியாமல் திரும்புகிறேன். மருமகன் நான் நடக்கிற நடைக்குத் தரை தேய்ந்துவிடும் என்று சொல்லிச் சிரிக்கிறார். சிரிக்கட்டும்.

மார்ச் 8, சனி

தெருமுனை சைக்கிள் கடைக்காரரிடம் நடந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தேன். நாயைப் பிடித்த அந்த வியாழக்கிழமை அவர் அங்கேதான் இருந்தார், சாட்சியாகக் கூட்டத்துக்கு அழைத்துப் போகலாம் என்று ஒரு எண்ணம்.

அவர் டியூபைத் தண்ணீரில் அமுக்கி ஓட்டை தேடிக்கொண்டே, ரொம்பச் சாதாரணமாகச் சொல்கிறார்: "நீங்கதான சார் கூண்டு ரெண்டையும் வெயில்லேருந்து நெழலுக்கு இழுத்தீங்க? அப்புறமா உக்காந்து சீட்டு எழுதிக் கட்டுனீங்க. மேல சாக்கு போட்டு மூடியிருந்துச்சே, எது எதுன்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னு நானே நெனச்சேன்."

"அப்ப ஏன் அன்னைக்கே கேக்கல?"

"உங்ககிட்டயா?" என்று சிரித்தார். கடையில் காற்று அடிக்க நின்ற இரண்டு பேரும் சிரித்தார்கள்.

அவருக்கு டியூபில் ஓட்டை தெரியும், வேறு எதுவும் தெரியாது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன்.

மார்ச் 9, ஞாயிறு

நான் அப்படிச் செய்யவில்லை.

மார்ச் 10, திங்கள்

காலை ஏழரைக்கு, அன்றைக்குப் பிடித்த அதே நேரத்துக்கு, பள்ளிக்கூடச் சுவர் ஓரம் போய் நின்றேன். வெயில் எதுவரை வருகிறது என்று பார்த்தேன்.

வரிசையாக நினைத்துப் பார்க்கிறேன். மாவு மில் சந்தில் முதல் நாயைப் பிடித்து, கூண்டில் ஏற்றி, மேலே சாக்கு போட்டோம். இருட்டாக இருந்தால் நாய் பதறாது, அதற்காக. அங்கேயே சீட்டுக் கட்டியிருக்க வேண்டும். பேனா எழுதவில்லை. அப்புறம் கட்டிக்கொள்ளலாம் என்றேன். சொன்னது நான். எங்கள் தெருவுக்கு வந்து முறைப்பைப் பிடித்தோம், சாக்கு போட்டோம். வண்டியின் பின்கதவுக் கொக்கி சிக்கிக்கொண்டது. அதைச் சரிசெய்ய முதல் கூண்டைக் கீழே இறக்கி வைத்தார்கள். வண்டிக்காரம்மா கொக்கியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். வெயில் ஏறிவிட்டது. இரும்பு சுடுமே என்று நான் ஒன்றை இழுத்தேன், அப்புறம் இன்னொன்றை இழுத்தேன். மகளிடம் வேறு பேனா வாங்கி வந்து எழுதினேன். இடது பக்கம் இருந்தது எங்களுடையது என்று கட்டினேன்.

ஏன் இடது பக்கம்? இழுப்பதற்கு முன்னால் இடது பக்கம் இருந்தது அதுதான். இழுத்த பிறகு?

சாக்கைத் தூக்கி ஒரு தடவை பார்த்திருந்தால் போதும். அஞ்சு வருஷமா தெனமும் பாக்குற மூஞ்சி. பாக்கல. கதவு எண் தப்பினதே இல்லையாம். எழுதுன எண் சரிதான்யா, மாட்டுன கதவு தப்பு. நான்தான். வேற யாரும் இல்ல, நான்தான். அந்தம்மா வாயத் தொறக்கறதுக்குள்ள மூணு பக்கம் படிச்சு முடிச்சிட்டேன்.

சாப்பிடவில்லை. மகள் கேட்டாள், வயிறு சரியில்லை என்றேன்.

மார்ச் 11, செவ்வாய்

வண்டிக்காரம்மா வீட்டுக்குப் போனேன். காலையில் பள்ளி வேன் ஓட்டிவிட்டு வந்து, வாசலில் வாளி வைத்து அதைக் கழுவிக்கொண்டிருந்தார். உட்காரச் சொல்லவில்லை. நின்றுகொண்டே சொன்னேன். எல்லாவற்றையும், பேனா உட்பட.

அவர் டயரைத் தேய்ப்பதை நிறுத்தவில்லை. "இத எங்க வாசல்ல வந்து சொன்னா யாருக்குக் கேக்கும்? அங்க சொல்லுங்க. எத்தன பேர் முன்னாடி என்னச் சொன்னீங்களோ அத்தன பேர் முன்னாடி."

"சொல்றேன்."

"மூணு பக்கம் எழுதிராதீங்க. தாங்காது."

கிளம்பத் திரும்பினேன். அப்போதுதான் அது அவர் வாயிலிருந்து வந்தது. "உங்க நாய் இருக்கு. ரயில் கேட் தாண்டி சரக்குக் கிடங்கு பின்னால. நேத்து பாத்தேன். பின்னங்கால ஊனாம நிக்குது. கிட்ட போனா ஓடுது."

"நேத்தேவா? ஏன்மா யார்கிட்டயும் சொல்லல?"

"சொல்லி? வெறுங்கையால புடிக்கவா? வல உள்ள பூட்டிக் கெடக்கு. சாவிய யாரு வைக்க வச்சாங்க?"

அவர் திங்கள் மட்டும் இல்லை, வேனை எடுப்பதற்கு முன்னால் தினமும் போய்த் தேடியிருக்கிறார். நான் ரயில் கேட்டோடு நின்றுவிட்டேன். தாண்டவில்லை. நாய் அவ்வளவு தூரம் போகாது என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

நேராகச் செயலாளரின் பள்ளிக்கூடத்துக்குப் போய், வகுப்பு நடக்கும்போதே வெளியே கூப்பிட்டுச் சாவியை வாங்கினேன். பிள்ளைகள் எட்டிப் பார்த்தார்கள்.

மார்ச் 12, புதன்

பிடித்தாயிற்று. வண்டிக்காரம்மா பிடித்தார். நான் கூப்பிட்டால் வரும் என்று நினைத்து முன்னால் போய் நின்றேன். என்னைப் பார்த்து எதிர்ப்பக்கம் போனது. "நீங்க நகருங்க பெரியவரே" என்றார். நகர்ந்தேன். இரண்டு மூட்டைகளுக்கு நடுவே போனபோது ஒரே வீச்சு.

வயிற்றுத் தையல் தாங்கியிருக்கிறது. இடது பின்னங்காலில் கடித்த இடம் அழுகி, எலும்பு தெரிகிறது. புழு. டாக்டர் பார்த்துவிட்டு, முதல் இரண்டு நாளில் கொண்டுவந்திருந்தால் காலைக் காப்பாற்றியிருக்கலாம், இப்போது உயிரைத்தான் பார்க்க வேண்டும் என்றார்.

முதல் இரண்டு நாள் நான் புகார் எழுதிக்கொண்டிருந்தேன்.

மார்ச் 14, வெள்ளி

கூட்டம். ஒரே பக்கம். பாதிப் பக்கம்கூட இல்லை. வாசித்தேன்.

செயலாளர், "விடுங்க ஐயா, நாய் கிடைச்சிருச்சில்ல, போதும்" என்றார்.

போதாது என்றேன். குறிப்பேட்டில் ஏற்ற வேண்டும், யார் செய்தது என்று பெயரோடு. அவர்கள் வேண்டாம் என்றார்கள், நான் வேண்டும் என்றேன். அரை மணி நேரம். கடைசியில் வண்டிக்காரம்மா, "எழுதித் தொலைங்க சார், இல்லன்னா நாம யாரும் வீட்டுக்குப் போக முடியாது" என்றார். சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. ஆனால் மேசையில் இருந்த சாவிக்கொத்தை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

மார்ச் 15, சனி

மறக்காமல் இருக்க எழுதுகிறேன். நகல் ஒன்று செயலாளருக்குப் போகும்.

டாக்டர்: திங்கள் காலை பத்து மணிக்கு முறைப்பின் காலை எடுப்பது. சம்மதக் கையெழுத்து நான்.

செயலாளர்: என் மூன்று பக்கப் புகாரைக் கிழிக்கக் கூடாது. அதன் மேல் வெள்ளிக்கிழமைத் தாளைக் குத்தி வைப்பது. ஒன்றைப் படிக்கிறவன் மற்றதையும் படிக்க வேண்டும். ரத்து செய்த பதினொரு நாய்களுக்கும் புதிய தேதி வாங்குவது.

சீட்டுக் கட்டுகிறவர் யாராக இருந்தாலும்: பிடித்த இடத்திலேயே, கூண்டைத் தரையிலிருந்து தூக்குவதற்கு முன்னால் கட்டுவது. அதற்குப் பிறகுதான் சாக்கு. பேனா இரண்டு வைத்துக்கொள்வது. ஆறு மாதத்துக்கு இந்த வேலை எனக்குக் கிடையாது. ஒரு மாதம் போதும் என்றார்கள். ஆறு என்று நான் சொல்லிவிட்டேன்.

வண்டிக்காரம்மா: செவ்வாய்க் காலை காருக்கு அடியில் இருக்கும் நாயைப் பிடித்து மாவு மில் சந்தில் விடுவது. நான் முன்சீட்டில் உட்கார்ந்து வழி சொல்லக் கூடாது என்பது அவர் போட்ட நிபந்தனை. ஏற்றுக்கொண்டேன். அவர் என்னை மன்னிக்க வேண்டும் என்று யாரும் அவரிடம் போய்ச் சொல்லக் கூடாது.

சைக்கிள் கடைக்காரரிடம் போய்ப் பேசுவது: நான். கடையில் ஆள் இருக்கும்போது.

செவ்வாய் முதல் ஒரு வாரம், காலை ஆறிலிருந்து பத்து வரை மாவு மில் சந்தில் உட்கார்ந்து, அந்த நாயை மற்றவை சேர்த்துக்கொள்கின்றனவா என்று பார்ப்பது: நான். இத்தனை நாளில் அதன் இடம் போயிருக்கலாம்.

முறைப்பு மூன்று காலோடு தெருவில் பிழைக்காது. எங்கள் மாடிப்படிக்கு அடியில் இடம் இருக்கிறது. மகளிடம் ~~சொல்ல~~ கேட்க வேண்டியது: நான். இன்றைக்கு, அவள் வேலையிலிருந்து வந்ததும்.