பழம் வெட்ட ஆளில்லாத தோட்டம்

கம்பம்,
ஐப்பசி 14

அன்பு மகள் சுபாஸ்ரீக்கு அம்மா எழுதுவது. கனடாக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே நான் சுகம். அப்பாவைப் பற்றி அப்படி எழுத முடியவில்லை. நீ போனில் கேட்டபோது தூங்குகிறார் என்று சொன்னேன், அழுதுவிடுவேனோ என்ற பயம்தான்.

போன மாதம் பன்னீர்த் திராட்சை பழுத்து நின்றது, மழை வேறு இருட்டிக்கொண்டு வந்தது, வெட்ட ஒரு ஆள் கிடைக்கவில்லை. எப்போதும் வரும் முத்துலட்சுமியைக் கூப்பிட்டால், "எம்மகளுக ரெண்டும் திருப்பூர் கம்பெனிக்குப் போயிட்டாளுக, நான் மலைக்கு ஏலக்காத் தோட்டத்து ஜீப்புல போறேன்க்கா, அங்கன கூலி சேத்துத் தர்றாக" என்கிறாள், அவளைக் குறை சொல்ல முடியுமா. அப்பா தானே வெட்டி, பெட்டியைச் சுமந்து வரும்போது சேற்றில் வழுக்கி விழுந்தார், இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. நான் கத்தியது பக்கத்துத் தோட்டத்தில் வாழைத்தார் ஏற்றிக்கொண்டிருந்த ஜார்க்கண்டு ஆட்களுக்குத்தான் கேட்டது, அவர்கள்தான் தூக்கி வண்டியில் கிடத்தித் தேனி ஆஸ்பத்திரி வரை கூட வந்தார்கள். ஆபரேஷன் முடிந்து வீட்டில்தான் இருக்கிறார், பயப்படாதே. அவர்களில் ஒருவர் மறுபடி பார்க்க வந்தார், உடன்பிறந்தவர்கள் ஏழு பேராம், இருக்கிற நிலம் யாருக்கும் பத்தவில்லையாம், அரைகுறைத் தமிழில் சொன்னார். அவர் போன பிறகு அப்பா, "அங்கன ஆளு கூடிப்போச்சு, இங்கன கொறஞ்சு போச்சு" என்றார்.

அப்பாவும் எட்டுப் பேரில் ஒருவராக அரைவயிற்றோடு வளர்ந்தவர்தானே, அதனால்தான் உன்னோடு போதும் என்று நிறுத்தினோம். உன்னைப் படிக்க வைக்க முடிந்தது, ஓட்டு வீட்டை மாடி வீடாக்க முடிந்தது, அதில் எங்களுக்கு வருத்தம் இல்லை. ஆனால் அவரைப் புரட்டிப் படுக்க வைக்க என் ஒருத்தி கை பத்தவில்லை அம்மா. உன் அத்தை மொக்கம்மாள் வந்து, "அவளையாச்சும் ரெண்டு பெத்துக்கிறச் சொல்லி எழுது ஆத்தா" என்றார். நான் எழுத மாட்டேன், பெற்று வளர்க்கப்போகிறவள் நீ. பழமெல்லாம் மழையில் வெடித்து அழுகிவிட்டது. தோட்டத்தைக் குத்தகைக்குக் கொடுக்க அப்பா சம்மதித்துவிட்டார், அன்றைக்கு முழுக்கச் சாப்பிடவில்லை.

வேளைக்குச் சாப்பிடு, காதை மூடிக்கொண்டு வெளியே போ. சுருளி வேலப்பர் உங்கள் இருவரையும் குறைவில்லாமல் வைத்திருக்கட்டும். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே, ஆறுதலுக்காக அவரிடம் தைக்கு வருகிறேன் என்று சொல்லாதே. முடிந்தால் வா, முடியாவிட்டால் முடியாது என்றே சொல். நீ சொன்னால் அவர் நம்பிவிடுகிறார்.

உன் அம்மா
முனீஸ்வரி