ஐம்பத்தேழு வயது என்று அச்சடித்த தாள்

என் அன்புக்கும் கோபத்துக்கும் உரிய முருகேசு அண்ணைக்கு,

நலமா என்று கேட்டுத் தொடங்கக் கை வரவில்லை. நீங்கள் போய் இரண்டு வருடம். அதற்குள் ஒரு வரிகூட எழுதாதவள் இன்றைக்கு ஏன் எழுதுகிறாள் என்று யோசிப்பீர்கள். சண்டை பிடிக்கத்தான் எழுதுகிறேன். நீங்கள் எனக்கு ஒரு பொய் சொல்லியிருக்கிறீர்கள். அது போன கிழமைதான் பிடிபட்டது.

முதலில் இங்கத்தைப் புதினங்களைச் சொல்கிறேன். நம் அலுவலகம் மல்லாவியில் அதே கிடுகுக் கொட்டிலில்தான் இருக்கிறது. நீங்கள் மண்ணெண்ணெயில் ஓடப் பழக்கிய ஜெனரேற்றர் என் கைக்கு முதல் இழுவையில் ஒருநாளும் வருவதில்லை. உங்கள் பெயரைச் சொல்லித் திட்டினால் மூன்றாவது இழுவையில் வருகிறது. வவுனியா ஆஸ்பத்திரிக்குப் போகிற நோயாளருக்கு, சோதனைச் சாவடியில் காட்டுகிற அனுமதிக் கடிதத்தை நான் இன்னும் அடித்துக்கொண்டுதான் இருக்கிறேன். செவ்வாயும் வெள்ளியும் அம்புலன்ஸ் போகிறது, வருகிறது.

போன கிழமை புது மடிக்கணினி வந்தது. அதைப் பூட்டித்தரக் கொழும்பிலிருந்து ஒரு திருத்துநர் வந்தார். பழையதைக் கழித்துவிடப் போகிறோம் என்றார்கள். அவர் அதைத் திறந்து பார்த்தபோது பக்கத்திலேயே நின்றேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை உங்களுக்கு நினைவிருக்கிறதா? நினைவிருக்காமல் என்ன. கால் இரண்டும் வீங்கி, நாலு எட்டு வைத்தால் மூச்சு வாங்குகிற நிலையில் வந்து என் மேசைக்கு எதிரே கதிரையில் இருந்தீர்கள். இருதயம் பழுது, உடனே வவுனியாவுக்கு அனுப்ப வேண்டும் என்று டொக்டர் சொல்லிவிட்டார். ஜெனரேற்றர், ரேடியோ, மோட்டார் சைக்கிள் எல்லாவற்றுக்கும் வைத்தியம் பார்த்த மனிதன், தன் கடிதத்துக்காக வரிசையில் நின்றீர்கள். பட்டியலில் பத்துப் பேர். பத்தாவது பெயர் உங்களுடையது.

நான் அச்சடிக்கக் கொடுத்தேன். தாள் வந்தது. சொல்லுக்குச் சொல் இடைவெளி வர வேண்டிய இடமெல்லாம் ஆச்சரியக்குறி. ஆங்கிலத்தில் அடித்த பெயர்களில் பாதி எழுத்து மாறியிருந்தது. கடிதம் முழுக்க யாரோ கத்துவதுபோல இருந்தது. இதைக் கொண்டுபோய்ச் சோதனைச் சாவடியில் நீட்டினால் ஒருவரையும் விடமாட்டார்கள்.

"கையால எழுதித் தாறன் அண்ணை, அம்புலன்ஸ் வெளிக்கிடப்போகுது" என்றேன்.

"வேணாம் தங்கச்சி. போன மாசம் கையெழுத்துக் கடிதத்தோட போன அம்மாவத் திருப்பி அனுப்பிட்டாங்க. அந்த வெயில்ல நானும் போய்த் திரும்பி வரவா? மத்த ஒன்பது பேரும் என்ன பண்ணுவாங்க?"

தட்டச்சு இயந்திரத்தைத்தான் இடம்பெயரும்போது கிளிநொச்சியில் போட்டுவிட்டு வந்தோமே. வேறு வழி இருக்கவில்லை. அம்புலன்ஸ் வெறுமையாகப் போனது. நான் ஏன் உங்களோடு சண்டை பிடித்தாவது எழுதிக் கையில் திணிக்கவில்லை? மற்ற எல்லாவற்றுக்கும் சண்டை பிடிக்கிறவள்தானே நான்.

அன்றைக்கே வேலையைத் தொடங்கிவிட்டீர்கள். முதலில் பிரின்டரின் மை றிபனை மாற்றினீர்கள். பிறகு பிரின்டரைத் தனியாக ஓட்டிப் பார்த்தீர்கள். தனியாக ஓடும்போது எல்லா எழுத்தும் அழகாக விழுந்தது. "இவன் நிரபராதி" என்று பிரின்டரைத் தட்டிக்கொடுத்தீர்கள். புதன்கிழமை பக்கத்து அலுவலகத்தில் வேறு பிரின்டர் வயர் இரவல் வாங்கி வந்தேன். அதிலும் அதே கோளாறு. அப்படியானால் பழுது மடிக்கணினியின் முதுகில், வயர் செருகுகிற அந்த இருபத்தைந்து ஓட்டைக்குள்தான் என்றீர்கள்.

நான் அழாத குறை. நீங்களோ பிழையான தாளை மடியில் வைத்து, பேப்பர் வாசிப்பதுபோல வாசித்துக்கொண்டிருந்தீர்கள். திடீரென்று சிரித்தீர்கள்.

"தங்கச்சி, இது பைத்தியம் இல்ல. ஒழுங்காப் பிழை விடுது. பாருங்க, ஒண்ணு, மூணு, அஞ்சு எல்லாம் சரி. ரெண்டு வரவேண்டிய எடத்தில மூணு. நாலுக்கு அஞ்சு. ஆறுக்கு ஏழு. எழுத்தும் அப்படித்தான், 'பி'க்கு 'சி' வருது, 'டி'க்கு 'ஈ' வருது. ஒண்ணே ஒண்ணு கூட்டிக் கூட்டிப் போடுது. ஒரே ஒரு கம்பிதான் விட்டிருக்கு."

பிறகு உங்கள் வரியில் விரலை வைத்தீர்கள். நாற்பத்தாறு என்று நான் அடித்த வயது ஐம்பத்தேழு என்று விழுந்திருந்தது.

"பாத்தீங்களா, பதினோரு வருசம் சும்மா குடுக்குது. கடவுளுக்கு இல்லாத மனசு இந்த ஓட்டைக்கு இருக்கு."

"விசர்க் கதை கதையாதேங்கோ அண்ணை" என்று அந்தத் தாளைப் பறித்தேன். கசக்கி எறியத்தான் பறித்தேன். ஏனோ எறியவில்லை, மேசை லாச்சிக்குள் போட்டேன்.

வியாழக்கிழமை மடிக்கணினியைக் கழற்றினீர்கள். பழுதான ரேடியோ ஒன்றிலிருந்து ஈயம் சுரண்டி எடுத்தீர்கள். பெரிய ஆணி ஒன்றைச் சிரட்டைக் கரியில் சிவக்கப் போட்டு, குறட்டால் பிடித்து, மூச்சை அடக்கி, விட்டிருந்த கம்பியை ஒட்டினீர்கள். மூச்சு வாங்குகிற மனிதன் மூச்சை அடக்கினால் எப்படி இருக்கும்? முகமெல்லாம் நீலம் பாய்ந்தது. விடுங்கோ என்று கத்தினேன். கேட்கவில்லை. மதியத்துக்குள் பத்துக் கடிதமும் பிழையில்லாமல் வந்துவிட்டன.

"என்னத்தால பழுதானது அண்ணை?" என்று அப்போதுதான் கேட்டேன்.

"துரு தங்கச்சி. முல்லைத்தீவு அலுவலகத்தில கடல்காத்துக் குடிச்ச மெஷின்தானே. ஒங்க ஊர்க் காத்துதான் குற்றவாளி."

நானும் நம்பினேன். கடற்கரையில் பிறந்து வளர்ந்தவள், உப்புக்காற்று என்னவெல்லாம் தின்னும் என்று தெரியும். அன்றைக்கு என் ஊர்க் காற்றைத் திட்டித் தீர்த்தேன். நீங்கள் சிரித்துக்கொண்டு இருந்தீர்கள்.

வெள்ளிக்கிழமை உங்களோடு நானும் அம்புலன்ஸில் வந்தேன். உங்கள் சொந்தமெல்லாம் மலைநாட்டில். ஜெயபுரத்தில் காணி இருந்தும், ஆஸ்பத்திரிக்குத் துணை போக உங்களுக்கென்று ஒருவரும் இல்லை. சோதனைச் சாவடியில் வெயிலில் நிறுத்தி வைத்தார்கள். உங்கள் தலை என் தோளில் இருந்தது. எங்கள் முறை வந்தபோது ஒரு சிப்பாய் கடிதத்தை எழுத்து எழுத்தாக வாசித்தான். அடையாள அட்டையை எடுத்து வயதைச் சரிபார்த்தான். நாற்பத்தாறு. சரியாக இருந்தது. முத்திரை குத்தினான். அதன்பிறகுதான் உங்கள் முகத்தைப் பார்த்தான்.

"இவர் உங்களுக்கு யாரு?" என்று உடைந்த தமிழில், குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

"என்ர அண்ணை" என்றேன். அப்போதுதான் உங்கள் மூச்சு நின்றுவிட்டது என்று எனக்கும் விளங்கியது. தோள் எப்போது கனத்தது என்று இன்றுவரை தெரியாது.

மற்ற ஒன்பது பேரும் போய்ச் சேர்ந்தார்கள் அண்ணை. ஒன்பது பேருமே பிழைத்துக்கொண்டார்கள். செவ்வாய்க்கிழமையே வந்திருந்தால் இவர் பிழைத்திருப்பாரா என்று வவுனியாவில் டொக்டரைக் கேட்டேன். "சொல்லேலாது பிள்ளை" என்றார். ஓம் என்றோ இல்லை என்றோ ஒன்றைச் சொல்லியிருக்கலாம்.

இனிச் சண்டைக்கு வருகிறேன். போன கிழமை அந்தத் திருத்துநர் பழைய மடிக்கணினியைத் திறந்து, வெளிச்சம் பிடித்துப் பார்த்தார். "ஆர் இதை ஒட்டினது? நல்ல கை" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. துருப்பிடித்ததை எங்கள் அண்ணை ஆணியால் ஒட்டினவர் என்றேன்.

"துருவோ? இதில துருவே இல்லையே. செருகியிருந்த வயரோட பிடிச்சு இழுத்திருக்கினம். ஒருக்கா ரெண்டுதரம் இல்லை, கன தரம். பாருங்கோ, மூலை வெடிச்சிருக்கு."

கிபிர் விமானத்தின் சத்தம் கேட்டால் மடிக்கணினியைப் பிள்ளையைப்போல அணைத்துக்கொண்டு பதுங்கு குழிக்கு ஓடுகிறவள் நான்தானே. வயர் செருகியபடியே இழுத்துக்கொண்டு ஓடுவேன். "வயரக் கழட்டிட்டு ஓடுங்க தங்கச்சி" என்று எத்தனை தரம் சொன்னீர்கள்! "குண்டு விழேக்கை வயர் கழட்டுறதோ அண்ணை?" என்று எத்தனை தரம் பாய்ந்தேன்! வியாழக்கிழமை அதைத் திறந்தவுடன் உங்களுக்குத் தெரிந்திருக்கும். யாருடைய கையால் செவ்வாய் அம்புலன்ஸ் வெறுமையாகப் போனது என்று தெரிந்திருக்கும். தெரிந்துகொண்டுதான் என் ஊர்க் காற்றின்மேல் பழியைப் போட்டீர்கள்.

ஏன் அண்ணை? ஒரு ஏச்சு ஏசியிருக்கக் கூடாதா? நீங்கள் ஏசியிருந்தால் அன்றைக்கே உங்கள் காலைப் பிடித்து மன்னிப்புக் கேட்டிருப்பேனே. இப்போது யாரிடம் போய்க் கேட்பது? கோயிலில் பங்குத்தந்தையிடம் சொன்னேன். அது பாவமே இல்லை என்றார். பாவமாக இருந்தாலாவது பரிகாரம் சொல்லியிருப்பார்.

நீங்கள் ஒட்டிய அந்த ஈயம் இன்னும் விடவில்லை. இந்த இரண்டு வருடத்தில் எத்தனையோ பேர் அதன் வழியாகத்தான் வவுனியாவுக்குப் போனார்கள். ஒரு எழுத்துக்கூடப் பிழையாக விழுந்ததில்லை. பழைய மடிக்கணினியைக் கழிக்க நான் விடவில்லை, என் அலுமாரிக்குள் வைத்திருக்கிறேன். அதன் மேலே அந்தப் பிழையான தாள் இருக்கிறது.

நேற்று அதை எடுத்துப் பார்த்தேன். இருந்திருந்தால் இப்போது உங்களுக்கு நாற்பத்தெட்டு. அந்தத் தாளின்படி இன்னும் ஒன்பது வருடம் இருக்கிறது. சரியாக அச்சடித்ததை நம்பித்தானே உங்களை இழந்தேன். இனிப் பிழையாக அச்சடித்ததை நம்புகிறேன். ஒவ்வொரு வருடமும் உங்களுக்கு ஒரு வயது கூட்டுவேன். ஐம்பத்தேழு ஆகும்வரை நீங்கள் செத்துவிட்டீர்கள் என்று என் வாயால் ஒருவருக்கும் சொல்லமாட்டேன்.

இன்னொன்றும் சொல்கிறேன். முந்தநாள் கிபிர் வந்தது. எல்லோரும் குழிக்கு ஓடினார்கள். நான் நின்று, புது மடிக்கணினியின் இரண்டு திருகாணியையும் திருப்பி, வயரைக் கழற்றிவிட்டுத்தான் ஓடினேன். தலைக்கு மேலே இரைந்துகொண்டிருந்தது, ஆனாலும் கழற்றினேன். இனி எப்போதும் அப்படித்தான் அண்ணை.

சோதனைச் சாவடியில் கேட்டவனுக்குச் சொன்ன அதே உறவில்,
உங்கள் தங்கச்சி
ரீற்றா