நோன்பில் தீர்ந்த பெட்டி

க்ளூஜ்,
ஈஸ்டருக்கு அடுத்த வியாழன்

அன்புள்ள அம்மாவுக்கு,

கிறிஸ்து உயிர்த்தெழுந்தார்! நான் நலம். பொலோன்யாவில் நீயும், நீ பார்த்துக்கொள்ளும் அந்த வயதான பாட்டியும் நலமா? அவருடைய இருமல் குறைந்ததா?

ஈஸ்டருக்கு நான் பெட்டியில் வைத்து அனுப்பிய சிவப்பு முட்டைகள் யாருடைய தலைத்துண்டிலோ சுற்றி வந்தன, பெட்டியைக் காணோம் என்று நீ சொன்னதும் போனை வைத்துவிட்டேன். கோபமில்லை அம்மா, அழுகை வந்துவிட்டது.

அந்தப் பெட்டியைப் பற்றி உனக்கு நான் சரியாகச் சொன்னதே இல்லை. கோதுமைத் தவிட்டில் சிப்பிக் காளானை வளரவிட்டால், அதன் வெள்ளை இழைகள் பஞ்சுபோல ஓடித் தவிட்டை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். அச்சில் வளர்த்து அடுப்பில் வாட்டினால் பெட்டி. பொருளை எடுத்த பிறகு பெட்டியைத் தின்னலாம். கோழிப்பண்ணைக்காரர் ஒருவர், பெட்டி இத்தாலிவரை முழுதாகப் போய்ச் சேர்ந்தால் வாங்குவதாகச் சொல்லியிருந்தார். அவர் வாங்கினால் எனக்கு நிரந்தர வேலை என்று எங்கள் ஆய்வுக்கூடத் தலைவி ஒட்டிலியா மேடமும் சொல்லியிருந்தார். அதனால்தான் அங்கே ஆள் ஏற்றி வரும் கவ்ரிலா மாமாவின் வேனில் கொடுத்தனுப்பினேன்.

நீ பேசிய மறுநாளே மாமாவைப் போனில் பிடித்தேன். ஹங்கேரியில் வண்டி பழுதாகி வயல்நடுவே நின்றுவிட்டதாம். கொண்டுவந்த ரொட்டி தீர்ந்துவிட்டது. வண்டியிலிருந்த அத்தனை பேரும் ஈஸ்டர்வரை இறைச்சி, முட்டை தொடாத நோன்பு. கையில் இருந்தது முட்டை மட்டும்.

"நோன்புல முட்டையத் தொடுவோமா? நீதான மூடியில 'நோன்பிலும் உண்ணலாம்'னு எழுதியிருந்த! அதான் முட்டைய, வண்டியில கூட வந்த வெத்துரியா அக்கா துண்டுல முடிஞ்சுட்டு, பெட்டியப் பிச்சுத் தின்னோம். உப்புதான் பத்தல. அடுத்த வாட்டி பூண்டு போடு புள்ள" என்றார். இந்தப் பெண்ணுக்குக் கல்லூரியில் சமையல் சொல்லிக்கொடுத்தார்களா என்று வெத்துரியா அக்கா வேறு கேட்டாராம்.

ஒட்டிலியா மேடத்திடம் பயந்து பயந்துதான் போனேன். திக்கித் திணறிச் சொல்லி முடித்தேன். அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்து அறைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். உடனே பண்ணைக்காரருக்குப் போன் போட்டு, என்னையே மறுபடி சொல்லச் சொன்னார். முட்டை உடைந்ததா என்று பண்ணைக்காரர் கேட்டார். பெட்டியைத் திறந்தபோது ஒன்றில்கூடக் கீறல் இல்லை என்று மாமா சொன்னதைச் சொன்னேன்.

"முட்டை உடையாத பெட்டி ஊர்ப்பட்டது கெடக்கு. சனங்க சண்ட போட்டுத் தின்ன பெட்டி இது ஒண்ணுதான்மா. அனுப்பி வை!" என்றார்.

நேற்றுக் கையெழுத்தானது. எனக்கு வேலை நிரந்தரம் அம்மா. பூண்டு போட்ட பெட்டி இப்போது அடுப்பில் இருக்கிறது. ஆய்வுக்கூடம் முழுக்க வாசனை.

என்னைப் படிக்க வைக்கப் போனாய். படிப்பும் முடிந்தது, வேலையும் கிடைத்துவிட்டது. கோடையில் வரும்போது, எப்போதும்போல இரண்டு வாரத்துக்கான துணியோடு வராதே. உன் குளிர்காலக் கோட்டையும் எடுத்துக்கொண்டு வா.

கடவுள் உன்னைக் காக்கட்டும்.

முத்தங்களுடன்,
ஸ்மரந்தா