நம் ரத்தத்துக்குத் தீர்ப்பு எழுத இவர் யார்

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் அந்தக் குளிரில் காது மூடிப் போர்த்திக்கொண்டு நல்லபடியாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். வழக்கமாக இந்த இடத்தில் மனசும் நிறைவாக இருக்கிறது என்று எழுதுவேன், இந்த முறை எழுதமாட்டேன், எனக்கு வயிறு எரிகிறது. போனிலேயே பேசியிருக்கலாம்தான். ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை நீ, "அம்மா, நாங்க குழந்தையே வேணாம்னு முடிவு பண்ணிட்டோம், பெரியப்பா எல்லாத்தையும் சொன்னாரு" என்றதும் நான் போட்ட கத்தலில் பக்கத்து வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டிவிட்டார், உன் அப்பா என் கையிலிருந்து போனைப் பிடுங்கி வைத்துவிட்டார். உன்னைத்தான் திட்டினேன் என்று நினைத்துக்கொண்டாயோ என்னவோ, உன்னை இல்லை கண்ணு. பேசினால் மறுபடியும் கத்துவேன் என்றுதான் கடையில் ஆள் வராத நேரமாகப் பார்த்து, தையல் மெஷின் மேலேயே காகிதத்தை வைத்து எழுதுகிறேன். முழுக்கப் படி. அப்புறம் எந்த முடிவு வேண்டுமானாலும் எடு.

உன் தம்பிக்கு உடம்பு சரியில்லை என்று மட்டும்தான் உனக்குச் சொல்லியிருந்தோம், அக்காவிடம் மிச்சத்தை நானே சொல்லிக்கொள்கிறேன் என்று அவன்தான் கேட்டுக்கொண்டான், அதற்குள் உன் பெரியப்பா முந்திக்கொண்டார். நடந்தது இதுதான். மழை பிடித்துக்கொண்ட சமயத்தில் அவனுக்குத் தூக்கம் போயிற்று. லிப்ட் பழுது பார்க்கிற கம்பெனியிலிருந்து வந்தால் சட்டையைக்கூட மாற்றாமல் கட்டிலில் உட்கார்ந்து சுவரைப் பார்ப்பான், சாப்பிடக் கூப்பிட்டால் வருவான், தட்டைப் பார்ப்பான், எழுந்து போய்விடுவான். அவனுடைய பேன்ட்டை நானே இரண்டு தடவை இடுப்பில் பிடித்துத் தைத்தேன், அந்த அளவுக்கு இளைத்துவிட்டான். யாரையாவது காதலித்துத் தொலைத்திருப்பான் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் காலையில் நான் துணி மடித்துக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அம்மா, எனக்கு உயிரோட இருக்கவே பிடிக்கல, பயமா இருக்கு, யார்கிட்டயாவது கூட்டிட்டுப் போ" என்றான். இந்த வார்த்தையைச் சொல்ல அந்தப் பிள்ளைக்கு எவ்வளவு தைரியம் வேண்டியிருந்திருக்கும் என்று யோசித்துப் பார். முகம் மழித்துக்கொண்டிருந்த உன் அப்பா பாதி சோப்பு நுரையோடு வந்து நின்றார். ஊரில் இருப்பவர்களுக்கெல்லாம் பல் செட் செய்து கொடுக்கிறவர், தன் வாயைத் திறக்கமாட்டாரே, அவர் அன்றைக்கு மகன் கையைப் பிடித்துக்கொண்டு, "இப்பவே போலாம்" என்றார். முகத்தைத் துடைத்துக்கொள்ளக்கூட நான்தான் சொல்லவேண்டியிருந்தது. அன்றைக்கே மனநல மருத்துவரிடம் போய்விட்டோம்.

அந்த டாக்டரம்மாவுக்கு உன் வயதுதான் இருக்கும், அவருக்கே ஜலதோஷம், நாலு வார்த்தைக்கு ஒரு தும்மல். குடும்பத்தில் யாருக்காவது இப்படி இருந்திருக்கிறதா என்று கேட்டார். நான் உன் அப்பாவைப் பார்த்தேன். உன் சித்தப்பா மாரடைப்பில் போனார் என்றுதானே உங்கள் இருவருக்கும் தெரியும், ஊருக்கும் அதுதான் தெரியும், அப்படித்தான் சொல்லவேண்டும் என்று அன்றைக்கு உத்தரவு போட்டவர் பெரியப்பா. கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்துவிட்டு வீட்டில் நீதிபதியாக நடந்துகொள்கிறார் என்றுதானே நீங்கள் பிள்ளைகள் அவருக்கு ஜட்ஜ் என்று பெயர் வைத்தீர்கள், சரியான பெயர். அந்த உத்தரவை இத்தனை வருஷம் மீறாத உன் அப்பா அன்றைக்கு நிமிர்ந்து உட்கார்ந்து, "என் தம்பி தானா உயிரை விட்டுட்டான் டாக்டர், எங்க அத்தை ஒருத்தங்களும் அப்படித்தான்" என்றார். உன் தம்பி அவர் முகத்தையே பார்த்தான். அப்புறம் உன் அப்பா கேட்டார், "அப்போ இது நான் குடுத்ததுதானா?" அந்தக் குரலை நான் கேட்டதே இல்லை. டாக்டரம்மா மூக்கைத் துடைத்துக்கொண்டு, "இவருக்கு மூக்கையும் நீங்கதான் குடுத்திருக்கீங்க, அதுக்கு மன்னிப்புக் கேப்பீங்களா?" என்றார். பிறகு பொறுமையாகச் சொன்னார், நான் நினைவிலிருந்து எழுதுகிறேன். "இது குடும்பத்துல வர்றது உண்டுங்க, அதை மறைக்க வேண்டாம். ஆனா ஒரே ஒரு ஜீன்ல எழுதி வெச்ச தலையெழுத்து இல்ல. சின்னச் சின்னதா எத்தனையோ ஜீன் சேருது, அதுக்கு மேல வாழ்க்கையில நடக்கிறது சேருது. இந்த மாதிரி குடும்பத்துல பொறந்தவங்களுக்கு வாய்ப்பு மத்தவங்களைவிட அதிகம், அவ்வளவுதான், அவங்கள்லயும் ரொம்பப் பேர் அந்த நிலைமைக்குப் போறதே இல்ல. முன்னாடியே தெரிஞ்சா முன்னாடியே பாத்துக்கலாம். அதுக்குத்தான் கேக்கிறேன்."

இதுதான் விஷயம். இதில் எங்கேயாவது சாபம் என்று இருக்கிறதா, வம்சத்தை நிறுத்து என்று இருக்கிறதா, நீயே சொல். முதலில் கொடுத்த மாத்திரை சரிப்படவில்லை, வாய் உலர்ந்தது, கை நடுங்கியது, வேறு மாற்றினார்கள். வாரா வாரம் போய்ப் பேசிவிட்டு வந்தான், லீவு போட்டு வீட்டில் இருந்தான், நானும் அப்பாவும் மாற்றி மாற்றிக் கூட இருந்தோம். மெல்ல மெல்லத் தூக்கம் வந்தது, அப்புறம் பசி வந்தது. ஒரு நாள் டாக்டரம்மா தும்மிக்கொண்டே மருந்துச் சீட்டு எழுதுவதை அப்படியே செய்து காட்டினான் பார், உன் அப்பா சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. உனக்குச் சித்தப்பாவை நினைவிருக்கிறதா தெரியவில்லை, அவர் போனபோது நீ பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த புதிது. தெருவில் போகிற யாருடைய நடையையும் அவர் நடந்து காட்டுவார், நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரிப்பாய். அதுவும் அந்த ரத்தம்தானே. அவர் செத்ததை மட்டும் ரத்தம் என்கிறார்கள், அவர் சிரிக்க வைத்ததை யாரும் ரத்தம் என்று சொல்லக் காணோம்.

பிள்ளை வேலைக்குப் போகலாம் என்று டாக்டரம்மாவும் எழுதிக் கொடுத்தார், கம்பெனி மருத்துவரும் பார்த்துவிட்டுச் சரி என்றார், அவனும் போக ஆரம்பித்துவிட்டான். அப்போது வந்தார் பெரியப்பா. வந்தார், உட்கார்ந்தார், நான் வைத்ததைச் சாப்பிட்டார், கை கழுவப் போன இடத்தில் மாத்திரை அட்டையைப் பார்த்துவிட்டார். உடனே விசாரணை. தம்பி மறைக்கவில்லை, என்ன ஏது என்று நேராகச் சொன்னான். அதற்கு இந்த மனுஷன், பிள்ளை எதிரிலேயே, "நம்ம ரத்தத்துலயே இருக்கு, இது இவனோட நிக்கணும், இவனுக்குக் கல்யாணம் கில்யாணம்னு எதுவும் பேசாதீங்க" என்றாரே பார்க்கலாம். ஏதோ இவர் மட்டும் வேறு வயிற்றில் பிறந்து வந்த மாதிரி. உன் அப்பா தலையைக் குனிந்துகொண்டார். நான் தட்டை எடுத்த வேகத்தில் அது கையிலிருந்து நழுவிவிட்டது, நழுவியது என்று எழுதுகிறேன், நீ புரிந்துகொள். அதோடு விட்டாரா என்றால் இல்லை. தம்பியின் கம்பெனி மேலாளரும் இவரும் காலையில் ஒன்றாக நடக்கப் போகிறவர்கள். நடந்துகொண்டே அவர் காதில் ஊதிவிட்டார், அந்தக் குடும்பத்தில் இப்படி, பையனை உயரத்துக்கெல்லாம் அனுப்பாதீர்கள் என்று. உனக்கும் போன் போட்டார். உன்னிடம் என்ன சொன்னாரோ, அதில் பாதியைத்தான் நீ எனக்குச் சொல்லியிருப்பாய்.

அடுத்த வாரமே உன் தம்பியைக் கிடங்கில் தூக்கிப் போட்டுவிட்டார்கள். ஒரு சத்தத்தைக் கேட்டே எந்தச் சக்கரத்தில் கோளாறு என்று சொல்கிற பிள்ளை, போல்ட்டும் நட்டும் பிரித்து டப்பாவில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கேட்டதற்கு, "விடும்மா, சம்பளம் அதேதான்" என்றான். சொல்லிவிட்டு மறுபடியும் சுவரைப் பார்த்தான். அந்தப் பார்வைதான் எனக்குத் தாங்கவில்லை. மறுநாள் கடையைப் பூட்டிவிட்டுக் கிளம்பினேன், உன் அப்பாவும் வேலையை அப்படியே வைத்துவிட்டுக் கூடவே வந்தார். கழுத்தில் அளவு நாடா தொங்கிக்கொண்டிருந்ததை நான் கவனிக்கவே இல்லை, அதோடுதான் மேலாளர் அறைக்குள் போனேன். நாலு பக்கமும் கண்ணாடி போட்ட அறை, வெளியே இருக்கிறவர்கள் வேலை செய்கிற மாதிரி பாவனை செய்துகொண்டு எங்களையே பார்த்தார்கள். மேலாளர் மரியாதையாகத்தான் உட்காரச் சொன்னார். "எல்லாம் அவரோட பாதுகாப்புக்குத்தாங்க, உங்க குடும்பத்துல இந்த மாதிரி இருக்காமே" என்றார். நான் கேட்டேன், "உங்க அப்பா எதுல போனாருங்க?" ஹார்ட் அட்டாக் என்றார். "தாத்தா?" அவரும் அப்படித்தான் என்றார். "அப்புறம் உங்களை எதுக்கு மூணாவது மாடியில உக்கார வெச்சிருக்காங்க, மாடிப்படியில ஏறும்போது உங்களுக்கு ஏதாவது ஆயிட்டா? உங்களையும் கீழ கிடங்குல உக்கார வெக்கச் சொல்லலாமா?" என்றேன். அவருக்கு முகம் சிவந்துவிட்டது. அவன் உடம்பையும் மனசையும் பார்த்த மருத்துவர்கள் இரண்டு பேர் சரி என்கிறார்கள், எதையும் பார்க்காத ஒருத்தர் நடைப்பயிற்சியில் சொன்னதைக் கேட்டுத் தூக்கிப் போடுவீர்களா என்றேன். அது வேறு, இது வேறு என்று இழுத்தார்.

அப்போதுதான் உன் அப்பா எழுந்தார். சத்தம் போடவில்லை, என்னைப் போலவா அவர். "சார், என் தம்பி கடைசி மாசமெல்லாம் தூங்கவே இல்ல. எங்க வீட்ல யாரும் என்னடான்னு கேக்கல. அவனும் சொல்லல, சொன்னா என்ன ஆகும்னு அவனுக்குத் தெரியும். என் பையன் வாயத் திறந்து சொன்னான், அதனாலதான் இன்னைக்கு இருக்கான். சொன்னவனைக் கொண்டுபோய்க் கிடங்குல போட்டீங்கன்னா, இங்க வெளியில நின்னு பாக்கறாங்களே, இவங்கள்ல இன்னொருத்தருக்கு நாளைக்கு இப்படி வந்தா அவங்க சொல்லுவாங்களா சார்?" என்றார். அவ்வளவுதான் பேசினார், உட்கார்ந்துவிட்டார், நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். இத்தனை வருஷத்தில் தன் தம்பி செத்ததைப் பற்றி, டாக்டரம்மாவைத் தவிர, அவர் வெளியாளிடம் பேசியதை அன்றைக்குத்தான் கேட்டேன். மேலாளர் தண்ணீர் வரவழைத்தார். கம்பெனி மருத்துவர் மறுபடியும் ஒரு தடவை பார்க்கட்டும், அவர் சொல்கிறபடி செய்கிறேன் என்றார். பார்த்தார்கள், திங்கட்கிழமையிலிருந்து பழைய வேலை. மேலே ஒருத்தர் கீழே ஒருத்தர் என்று ஜோடியாகத்தான் அவர்கள் எப்போதும் வேலை செய்வார்கள், முன்பு கூட வந்த ஆளே மறுபடியும் இவனோடுதான் வருவேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டானாம். மேலாளர் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. எனக்கு அந்த வயிற்றெரிச்சல் இருக்கிறது.

இதற்கு மேலும் ஒன்று உண்டு. விஷயம் காதுக்குப் போனதும் உன் பெரியம்மா கடைக்கு வந்தார். பெரியப்பாவுக்காகப் பரிந்து பேசத்தான் வந்திருக்கிறார் என்று நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். அவர் ஸ்டூலில் உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டார். பெரியப்பாவும் வருஷக்கணக்காகச் சரியாகத் தூங்குவதில்லையாம், தனக்கும் உன் சித்தப்பா மாதிரி ஆகிவிடுமோ என்ற பயத்திலேயே இருக்கிறாராம், மருத்துவரிடம் போகச் சொன்னால் எரிந்து விழுகிறாராம். நான் அவருக்குத் தண்ணீர் கொடுத்தேன், டாக்டரம்மாவின் விலாசத்தையும் எழுதிக் கொடுத்தேன். அதற்காக என் கோபம் தணிந்துவிட்டது என்று நினைத்துவிடாதே. பயம் இருந்தால் வைத்தியம் பார்த்துக்கொள்ளவேண்டும், பிள்ளைகள் தலையில் கொண்டுவந்து கொட்டக்கூடாது. உன் அப்பா என்னைப் போல இல்லை, இப்போதெல்லாம் சாயங்காலம் அண்ணன் வீட்டுக்குப் போய்ச் சும்மா கூட உட்கார்ந்துவிட்டு வருகிறார். என்ன பேசுகிறீர்கள் என்று கேட்டால் ஒன்றும் பேசவில்லை என்கிறார். பெரியப்பா இன்னும் மருத்துவரிடம் போகவில்லை. போவார் என்று உன் அப்பா சொல்கிறார், பார்ப்போம்.

இப்போது உன் விஷயம். குழந்தை வேண்டாம் என்று உனக்கும் மாப்பிள்ளைக்கும் தோன்றினால் வேண்டாம், பேரன் எங்கே பேத்தி எங்கே என்று நான் ஒரு வார்த்தை கேட்கமாட்டேன், இது சத்தியம். ஆனால் அந்த மனுஷன் போனில் சொன்னார் என்பதற்காக வேண்டாம் என்று சொல்லாதே, அதை மட்டும் நான் பொறுக்கமாட்டேன். அங்கே நல்ல மருத்துவராகப் பார்த்து மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போ, நம் வீட்டில் நடந்ததை உள்ளபடி சொல், அவர்கள் சொல்வதைக் கேட்டு இரண்டு பேரும் யோசியுங்கள். சித்தப்பாவைப் பற்றிச் சொல்ல வெட்கப்படாதே, அவர் ஒரு தப்பும் செய்யவில்லை, நோயில் போனார். தம்பி ஞாயிற்றுக்கிழமை உனக்குப் போன் செய்வான், மற்றதையெல்லாம் அவன் வாயால் கேள், பாவம் என்கிற குரலில் மட்டும் பேசிவிடாதே, அவனுக்கு அது பிடிக்காது.

நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல், மனசு விட்டுப் பேசிச் சிரித்துக்கொண்டு நெடுநாள் நன்றாக இருக்கவேண்டும் என்று அப்பாவும் நானும் ஆசீர்வதிக்கிறோம். அப்பா உனக்கு ஒரு வரி எழுதவேண்டும் என்று கடைக்கே வந்துவிட்டார், பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார், என்ன எழுதுவதென்று தெரியவில்லை நீயே கேட்டு எழுது என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அவர் கேட்கச் சொன்னது இதுதான்: "ராத்திரி நல்லாத் தூங்குறியாம்மா? இல்லைன்னா எங்ககிட்ட சொல்லு, என்னன்னு கேக்கறதுக்கு நாங்க இருக்கோம்." மறக்காமல் அவருக்குப் பதில் எழுது.

இப்படிக்கு,
இன்னும் கோபம் ஆறாத உன் அம்மா